கரையில் ஆள் இல்லாத தண்ணீர்

1

“…ஆமா, நான்தான் தொறந்தேன். மூடி மறைக்க இன்னா கீது? எங்க ஊரா இருந்தா நாலு பேரு நல்ல வேல செஞ்சம்மான்னு சொல்லியிருப்பான். அது கெடக்கட்டும். அந்தம்மா தோட்டத்துக்கு எத்தினி நேரம் தண்ணி போவணும்? அத்த மட்டும் கேட்டுச் சொல்லு” என்றாள் என் அக்கா தனம்.

சொன்ன இடம் கிரேக்க நாட்டில் ஒரு மலையூரின் நடுவில் உள்ள மரத்தடி. ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்த நேரம். எதிரே நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. மாகறலில் பிறந்து அங்கேயே கழனி பார்த்து, காஞ்சிபுரத்துக்கும் திருப்பதிக்கும் அப்பால் ஊர் பார்த்திராத அக்கா, இரண்டு மாதமாக எங்கள் வீட்டு விருந்தாளி. உடம்பில் சுங்குடிச் சேலை, அதற்கு மேல் என் பழைய ஸ்வெட்டர், காலில் என் மகளின் ஷூ. திருட்டுக் குற்றத்துக்கு நிற்கிற ஆள் மாதிரியே இல்லை. தலை குனிந்து நின்றது நான்தான்.

வருகிற ஆகஸ்டோடு நான் இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. உத்திரமேரூரிலிருந்து போன் பண்ணுகிற ஒவ்வொருவரும் “அந்த ஊரு எப்டிடா கீது?” என்று கேட்பார்கள். நானும் “நல்லாத்தான் கீது” என்று சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். இந்த முறை ஒழுங்காகச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அக்கா திறந்துவிட்ட தண்ணீரைச் சொன்னால் ஊரும் கூடவே வந்துவிடும் என்று படுகிறது.

2

ஊரின் பெயர் உங்கள் நாக்கில் நிற்காது. அர்த்தம் பாறையூற்று. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

நம் பக்கத்து ஆளுக்கு மலை என்றால் பழையசீவரம் மலைதான். ஏறிப் பெருமாளைச் சேவித்து, மேலே நின்று பாலாற்றைப் பார்த்துவிட்டு, கீழே வந்து டீ குடித்தால் மலை முடிந்தது. இங்கே மலை முடிவதே இல்லை. கீழ் டவுனிலிருந்து கிளம்பும் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது முதலில் ஆலிவ் மரங்கள் நின்றுபோகும். அப்புறம் காது அடைக்கும். அப்புறம் டிரைவர் பேச்சை நிறுத்துவார். அவர் பேச்சை நிறுத்திய ஐந்தாவது வளைவில் ஊர் தெரியும்.

ஒரே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர். எதிர்ச் சரிவு முழுக்கக் கருப்பாக ஊசியிலைக் காடு. நடுவில் பள்ளத்தாக்கு, அதன் அடியில் ஓர் ஆறு ஓடுகிறது, சத்தம் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. வீடுகள் எல்லாம் கல். கூரையும் கல்தான், நம் ஊர்க் கடப்பாக்கல் போலப் பலகை பலகையாக. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. நான் அவற்றை மேலத்தெரு, கீழத்தெரு என்றுதான் சொல்லுவேன், ஊர்க்காரர்களுக்கும் இப்போது அந்த இரண்டு தமிழ் வார்த்தை தெரியும்.

இரண்டு தெருவுக்கும் நடுவில் அந்த மரம். பருமனில் நம் ஏரிக்கரை ஆலமரம், இலை மட்டும் ஆமணக்கு இலை மாதிரி. மரத்துக்கு எதிரே கோயில், மரத்துக்குக் கீழே யானியின் காபிக் கடை. மேலத்தெருவுக்கும் மேலே ஒரு பாறை வெடிப்பிலிருந்து ஊற்று வருகிறது. மலை உச்சியில் பனி உருகி, உள்ளேயே வழி தேடி, வெளியே வருகிற தண்ணீர். ஆடி மாதத்து வெயிலிலும் கையை வைத்தால் எலும்பு வலிக்கும். ஊற்றிலிருந்து ஒரு வாய்க்கால் சரிவை ஒட்டி ஓடுகிறது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் வாய்க்காலில் ஒரு வாய்மடை. ஒரு தட்டைக் கல்லை நகர்த்தினால் தண்ணீர் உள்ளே திரும்பும், வைத்தால் அடுத்த தோட்டத்துக்குப் போகும். எங்கள் தோட்டத்துக்கு அடுத்தது எலெனி அம்மாவுடையது.

3

யானி காபிக் கடைக்காரன், தபால்காரன், கோயில் மணி அடிக்கிறவன், எல்லாம் அவனே. அவன் பேசும் கிரேக்கம் என் காதில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பேச்சாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.

“ஏன் யானி, இத்தனை உயரத்துல வந்தா ஊர் கட்டினாங்க?” என்று வந்த புதிதில் கேட்டேன்.

“குதிரைக்கு எங்க மூச்சு வாங்குதோ, அதுக்கு மேல கட்டினாங்க” என்றான்.

துருக்கி சுல்தான் ஆட்சியில் வரி வாங்குகிறவர்கள் குதிரையில் வருவார்களாம். சமவெளியில் இருந்த சனங்கள் குடும்பம் குடும்பமாக மேலே ஏறி, குதிரை நின்றுபோன இடத்தையும் தாண்டிப்போய், தண்ணீர் இருந்த பாறையைப் பார்த்ததும் மூட்டையை இறக்கினார்கள் என்பது இவர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை.

இறக்கிய இடத்தில் மண் குறைவு, கல் அதிகம். அதனால் ஆம்பிளைகள் கல்வேலை கற்றுக்கொண்டார்கள். பனி விட்டதும் கோவேறு கழுதைகளோடு கூட்டமாகக் கிளம்பி, தேசம் தேசமாகப் போய் வீடும் பாலமும் கட்டிவிட்டு, குளிர் தொடங்கும்போது திரும்புவார்கள். வெயில் காலம் முழுக்க ஊரில் இருந்தது பெண்கள் மட்டும். உழுதது, விதைத்தது, தண்ணீர் பாய்ச்சியது எல்லாம் அவர்கள். அதனால் இன்றைக்கும் வாய்க்கால் முறைப் பட்டியல் பெண்கள் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் தோட்டம்கூட என் பெயரில் இல்லை, என் மனைவி ஜெயந்தி பெயரில். வாய்க்கால் சண்டையும் பெண்கள் சண்டைதான். எலெனி அம்மாவின் அம்மா, யானியின் அத்தையை மண்வெட்டிக் காம்பால் அடித்த கதையை இரண்டு குடும்பமும் ஒரே மாதிரி சந்தோஷமாகச் சொல்லும்.

பெரிய போரில் வெளிநாட்டுப் படை வந்து ஊரைக் கொளுத்தியது. கூரைக் கட்டை எரிந்தது, சுவர் நின்றது. அதற்கடுத்து உள்நாட்டுச் சண்டை. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இந்த இடம் வரும்போது மட்டும் யானி கதையை நிறுத்திவிட்டுக் கப் கழுவ எழுந்துவிடுவான். நானும் மேலே கேட்டதில்லை.

கழுவி முடித்து வந்ததும் மெல்போர்னைப் பிடித்துக்கொள்வான். சண்டைக்குப் பிறகு இளவட்டங்கள் எல்லாம் கப்பல் ஏறி ஆஸ்திரேலியா போனார்கள். “எங்க ஊர் மெல்போர்ன்லதான் இருக்குது முருகேசா. இங்க நாம நடத்தறது அதோட கிளை” என்பான். பள்ளிக்கூடம் மூடி வெகு நாளாகிறது. பனிக் காலத்தில் புகை வருகிற வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். ஆகஸ்டில் மாதா திருநாளுக்கு மட்டும் எங்கெங்கோ இருந்து எல்லோரும் வந்து இறங்க, மரத்தடியில் இடம் கிடைக்காது. அன்றைக்கு எலெனி அம்மா பெரிய குண்டான் நிறையப் பீன்ஸ் சமைத்து ஊருக்கே போடுவாள். கடையில் வாங்கியது இல்லை, அவள் தோட்டத்துப் பீன்ஸ். கட்டை விரல் பருமனுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். அந்தக் குண்டான் இல்லாமல் திருநாள் நடந்ததில்லை.

4

நான் இங்கே வந்தது இரண்டு வார வேலைக்கு. துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் பைப் வேலை செய்துகொண்டிருந்தேன். மேஸ்திரியின் சொந்த ஊர் இது. தன் வீட்டுப் பைப்பை மாற்ற என்னைக் கூட்டி வந்தார். வேலை முடிந்த அன்று வாய்க்காலோரம் நடந்துபோனேன். ஓர் இடத்தில் கரை அரித்துத் தண்ணீர் வீணாகச் சரிவில் வழிந்துகொண்டிருந்தது. யாரும் கேட்காமலே செருப்பைக் கழற்றிவிட்டு அடைத்தேன். செய்யாற்றுக் கால்வாயில் வளர்ந்தவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வராது. மேலே ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து எலெனி அம்மா பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை, அவள் சொல்லி, யானி எனக்கு மூன்று வீட்டு வேலை பிடித்துக் கொடுத்தான். அப்படியே நின்றுவிட்டேன். நாலு வருடம் கழித்து ஜெயந்தி மூன்று வயது மலரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

ஒவ்வொரு மே மாதமும் மரத்தடியில் வாய்க்கால் முறைக்குக் குலுக்கல் நடக்கும். பெயரெழுதிய சீட்டுகளைப் பாதிரியாரின் தொப்பியில் போட்டு, யார் முதல், யார் அடுத்து என்று எடுப்பார்கள். பிறகு அந்த வருடத்து நீர்க்காரரை எடுப்பார்கள். நீர்க்காரர் கையில் ஊர் மண்வெட்டி இருக்கும். வாய்க்காலைச் சுத்தமாக வைப்பதும், முறை மாறாமல் பார்ப்பதும் அவர் பொறுப்பு. இந்த வருடம் அந்தத் தொப்பியில் முதல் முறையாக என் பெயரையும் போட்டார்கள். வந்தது என் சீட்டு.

எனக்கு வந்த சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்தக் குலுக்கலைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், தொப்பிக்குப் பதில் குடம், சீட்டுக்குப் பதில் ஓலை என்று ஆரம்பித்தேன். அடுத்தவன் பொருளைத் திருடியவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, முன்னால் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும் கூடாது, அவன் உறவுக்காரன் பெயரும் கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னேன். யானி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டான். “உறவுக்காரனுமா? கெட்டிக்காரனுங்கப்பா” என்றான். அவனுக்கு இத்தனை நல்ல ஞாபகசக்தி என்று அன்று எனக்குத் தெரியாது.

ஆபீஸ் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்தத் தகராறில் அதற்கும் பங்கு உண்டு. இங்கே எந்தப் படிவத்திலும் பெயர், குடும்பப் பெயர், அப்பா பெயர் மூன்றும் எழுத வேண்டும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் இருப்பது என் அப்பா பெயர், தணிகாசலம். அப்பா பெயர் இடத்திலும் தணிகாசலம். மலருக்குக் குடும்பப் பெயர் முருகேசன். டவுன் ஆபீஸில் ஒரு பெண்மணி கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டாள்: “உங்க குடும்பப் பெயர் தணிகாசலம். உங்க பொண்ணு குடும்பப் பெயர் முருகேசன். யார் வீட்டுப் பொண்ணு இது?” ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஜெயந்தியும் நானும் சேர்ந்து போய், இது எங்கள் பெண்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை போனோம். போகிறேன் என்று நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. நீர்க்காரர் ஊரை விட்டுப் போனால் யானியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். காலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், மறந்துவிட்டேன்.

5

அக்கா வந்த மறுநாளே தோட்டத்தில் இறங்கிவிட்டாள். ஊர் பார்க்க வா என்றால், “பாத்தாச்சி, மலதான கீது” என்றாள். டவுன் கடையில் வெண்டை விதை வாங்கி வரச் சொல்லி ஒரு பாத்தி முழுக்கப் போட்டாள். எலெனி அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இந்த உயரத்துக்கு வெண்டை வராது என்று கையை ஆட்டினாள். மலர் மொழிபெயர்த்தாள்.

“வராதாமா? யாரு சொன்னது? நான் போட்டு வராதது இன்னா கீது?” என்றாள் அக்கா.

“அத்தை, இங்க குளிர். அவங்க சொல்றது சரி” என்றாள் மலர்.

“நீ அவுங்களுக்கு வக்கீலா, எனக்கு மருமவளா?”

வெண்டை வந்தது. முழங்கால் உயரம் வந்து, ஜூலைக் கடைசியில் முதல் மஞ்சள் பூ எட்டிப்பார்த்தது. அக்கா அதைப் போட்டோ எடுக்கச் சொல்லி மாகறலுக்கு அனுப்பினாள். எலெனி அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். எலெனி அம்மா குனிந்து பூவை முகர்ந்து பார்த்துவிட்டு அக்காவின் தோளில் ஒன்று போட்டாள். அப்படி இரண்டு பேரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே சிநேகமாகிவிட்டார்கள். அக்கா தமிழில் பேசுவாள், அந்தம்மா கிரேக்கத்தில் பதில் சொல்லுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அந்த வாரம் வெயில் ஏறியது. எங்கள் முறை ஞாயிறு மதியம். நாங்கள் ஆபீஸ் போன வெள்ளிக்கிழமை மதியம் எலெனி அம்மா முறை. எட்டு நாளைக்கு ஒரு தரம்தான் ஒருவருக்கு முறை வரும். அக்கா தோட்டத்துக்குப் போனபோது வெண்டை இலை தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். கரையில் ஒரு மனுசர் இல்லை.

இதை நம் பக்கத்து ஆளுக்கு விளக்கவே வேண்டாம். மாகறலில், காவாந்தண்டலத்தில், எங்கேயும் முறைக்காரர் மண்வெட்டியோடு கரையில் நிற்பார். அவருக்கு முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் நிற்பார். கரையில் ஆள் இல்லாமல் தண்ணீர் ஓடுகிறது என்றால், எல்லோருக்கும் பாய்ந்து முடிந்து மீந்தது ஆற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். அதைத் திருப்பிக்கொள்கிறவரை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இங்கே வழக்கம் வேறு. மணி ஆனதும் முறைக்காரர் தன் வாய்மடையைத் திறந்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தண்ணீர் தானாக வரும். நடுவில் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்பதில் சந்தேகமே கிடையாது. இந்த வித்தியாசத்தை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு இரண்டு மாதத்தில் ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

அக்கா தட்டைக் கல்லை எடுத்து வாய்க்காலை மறித்து, எங்கள் வாய்மடையைத் திறந்துவிட்டாள். பாத்தி பாத்தியாக நிதானமாகப் பாய்ச்சினாள். கடைசிப் பாத்தி நனையும்போது எலெனி அம்மாவின் மூன்று மணி நேரம் முடிந்துவிட்டது. அந்தம்மாவின் பீன்ஸ் பாத்தி சரிவுக்குக் கீழே, அங்கிருந்து பார்த்தால் எங்கள் வாய்மடை தெரியாது. தண்ணீர் வராததைப் பார்த்து ஊற்றே நின்றுபோய்விட்டது என்று பயந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு யானி கடைக்கு ஓடியிருக்கிறாள்.

கடையில் மலர் இருந்தாள். பதினோரு வயது. அரை மணிக்கு முன்னால் தோட்டத்தில் அத்தைக்கு மோர் கொடுத்துவிட்டு வந்தவள்.

“ஊற்று நிக்கலை. உங்க தண்ணியை எங்க அத்தை எடுத்துட்டாங்க” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

6

சாயங்கால பஸ்ஸில் நாங்கள் வந்து இறங்கினோம். கடையில் இருந்தவர்கள் யாரும் என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருந்த ஊர் மண்வெட்டியைக் காணவில்லை. யானி வந்து எடுத்துப்போயிருந்தான்.

உள்ளே அக்கா ஒரு பக்கம், மலர் ஒரு பக்கம்.

“வூட்டு விஷயத்தக் கொண்டுபோய்த் தெருவுல வெச்சிட்டாடா உன் பொண்ணு. என்னாண்ட வந்து அத்தை இது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே போய் அந்தம்மா கையப் புடிச்சிருப்பேன். இப்ப ஊர்ல திருடின்னு பேரு. பேஜாரா பூட்ச்சி.”

நான் மலரைக் கேட்டேன். “அப்பா வந்தப்புறம் என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

அவள் தமிழில் ஆரம்பித்து, நடுவில் கிரேக்கத்துக்குத் தாவி, திரும்பத் தமிழுக்கு வந்தாள். “உங்ககிட்ட சொன்னா நீங்க ஊற்று ரிப்பேர்னு சொல்வீங்கப்பா. எலெனி அம்மா அழுதாங்க. நான் பாத்தேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது, விஷயத்தை அரைகுறையாகக் கேள்விப்பட்டதும், என் மனதில் ஓடியது கிட்டத்தட்ட அதுதான். ஊற்றுவாயில் இலை அடைத்துக்கொண்டது என்று ஒரு கதை பாதி தயாராகியிருந்தது.

மலர் தமிழை மறக்கிறாள், வீட்டில் சோறு வேண்டாம் ரொட்டி கொடு என்கிறாள், மாகறல் உறவுக்காரர்கள் பெயர் கேட்டால் தடுமாறுகிறாள் என்று நானும் ஜெயந்தியும் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வோம். குறை இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் அவளைத் திட்டவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் வாடகைக்கு இருப்பதுபோல் இருந்த ஊரில் அவள் சொந்த வீட்டுக்காரிபோல் இருக்கிறாள். அது ஒரு பக்கம் வலித்தது, இன்னொரு பக்கம் நிம்மதியில் தூக்கம் நன்றாக வந்தது.

அக்காவும் மலரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. நாஷ்டா தட்டைக்கூட ஜெயந்தி மூலமாகத்தான் கேட்டு வாங்கினார்கள்.

7

ஞாயிறு பூசை முடிந்ததும் யானி மண்வெட்டியைக் கொண்டுவந்து மரத்தில் சாய்த்தான். நீர்க்காரர் விஷயம் பேச வேண்டும் என்றான். நான் எழுந்து, வெள்ளிக்கிழமை சொல்லாமல் போனது என் தப்பு, அக்காவுக்கு ஊர் வழக்கம் சொல்லாததும் என் தப்பு என்றேன். கரையில் ஆள் நிற்கிற எங்கள் ஊர் வழக்கத்தையும் விளக்கினேன். சிலர் தலையாட்டினார்கள்.

“அப்ப உங்க ஊர்ல ஒருத்தரை ஒருத்தர் நம்ப மாட்டீங்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“நம்புவோம், நின்னுக்கிட்டே நம்புவோம்” என்றேன். சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

யானி ஆரம்பித்தான். “முருகேசா, நீதான் சொன்னே. உங்க கல்லுல இன்னா எழுதியிருக்குது? திருடினவன் பேரு குடத்துல போடக் கூடாது. உறவுக்காரன் பேரும் போடக் கூடாது. நான் சொல்லலை, உங்க ஆயிரம் வருசத்துக் கல்லு சொல்லுது.”

உறவுக்காரன் சங்கதி கணக்குக் காட்டாதவனுக்கு எழுதியது, அதை இவன் திருட்டோடு ஒட்டிவிட்டான். திருத்த வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் கல்வெட்டுப் பாடம் நடத்துவது அழகாக இருந்திருக்காது. பன்னிரண்டு வருடத்தில் என் பெயரை ஒரு முறை தொப்பியில் போட்டார்கள். இனிமேல் போடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

யானி எலெனி அம்மா பக்கம் திரும்பினான். “மண்வெட்டியை வாங்கிடலாமா? உன் தண்ணி போயிருக்குது, நீ சொல்லு.”

எலெனி அம்மா முகவாயை மேலே தூக்கி, நாக்கைத் தட்டி, “ட்ச்” என்றாள். இந்த ஊரில் அதற்கு இல்லை என்று அர்த்தம். என் பக்கத்தில் நின்ற அக்கா, “நம்ம ஊரு மாதிரியே சொல்லுதுடா” என்று முணுமுணுத்தாள்.

“எனக்கு மண்வெட்டி எதுக்கு? என் பீன்ஸ் பூ கொட்டுது. அடுத்த முறை வர சனிக்கிழமை ஆயிடும். அதுவரைக்கும் தாங்காது. திருநாளுக்கு இன்னும் மூணு வாரம்கூட இல்லை. தண்ணி வந்தா அவன் மண்வெட்டி அவன்கிட்டயே இருக்கட்டும். வரலைன்னா குண்டானையும் சேர்த்து அவனே வெச்சுக்கட்டும்” என்றாள்.

பட்டியலில் அன்றைக்கு மதியம் யார் முறை என்று எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் இருப்பது ஜெயந்தி பெயர். என்னைப் பார்க்காமலே ஜெயந்தி, எங்கள் முறையை எலெனி அம்மாவுக்கு விட்டுவிடலாம் என்று யானியைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆனால் அந்தத் தண்ணீருக்காகக் காத்திருந்தது அக்காவின் வெண்டை. இன்னும் பத்து நாளில் அக்காவுக்கு விமானம்; ஊருக்குப் போவதற்கு முன் ஒரு கைப்பிடி காயாவது பறித்து அந்தம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள்.

அக்கா என் ஸ்வெட்டரை இழுத்தாள். “இன்னாடா சொல்லிக்கினு கீறாங்க? ஒழுங்கா சொல்லு.”

நான் சொல்வதற்குள் மலர் எழுந்து வந்தாள். இரண்டு நாளாகப் பேசாத அத்தையின் முன்னால் நின்று, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி, பூ கொட்டுவது, சனிக்கிழமை, மண்வெட்டி, குண்டான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்துத்தான் நான் முதலில் எழுதிய அந்தப் பேச்சைப் பேசினாள். ஆமா, நான்தான் தொறந்தேன் என்று தொடங்கி, எத்தினி நேரம் தண்ணி போவணும், கேட்டுச் சொல்லு என்று முடித்தாள்.

மலர் கேட்டாள். எலெனி அம்மா மூன்று விரலைக் காட்டினாள்.

அக்கா மரத்தில் சாய்ந்திருந்த ஊர் மண்வெட்டியை எடுத்தாள். யானி “ஏய்” என்று பாதி எழுந்து, அப்படியே உட்கார்ந்தான். அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்தாள். பின்னால் நான், மலர், எலெனி அம்மா, அதற்குப் பின்னால் கையில் கப்போடு பாதி ஊர். கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. அக்கா எங்கள் வாய்மடையில் தட்டைக் கல்லை வைத்து, சுற்றிலும் மண் வெட்டிப் போட்டு மிதித்தாள். தண்ணீர் எங்களைத் தாண்டி எலெனி அம்மா தோட்டத்துப் பக்கம் திரும்பியது.

ஆனாலும் கல்லோரம் கசிந்தது. இங்கத்து மண் சரளை, நம் ஊர்க் களிமண் மாதிரி கெட்டிப்படாது. அக்கா இன்னும் நாலு வெட்டு போட்டாள். அதையும் தண்ணீர் கரைத்தது. மெல்லிய ஒரு கோடு வெண்டைப் பாத்தியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. பரவாயில்லை, இத்தனூண்டு யாருக்கும் கணக்கில்லை என்று எலெனி அம்மா கையாட்டினாள். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“கரையில ஆள் கீதுல்ல” என்றாள் அக்கா. மண்வெட்டியைக் கரையில் நட்டாள். ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் எறிந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, அந்தக் கல்லுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். பனி உருகிய தண்ணீர் இடுப்பைச் சுற்றி ஏறியது. பல் அடித்துக்கொள்வது கரையில் நின்ற எங்களுக்குக் கேட்டது.

“அத்தை, குளிரலையா?” என்றாள் மலர்.

அக்கா இடது பக்கம் இன்னும் கசிந்துகொண்டிருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு சாண் வலப்பக்கம் நகர்ந்து, அந்த இடத்தை மலருக்கு விட்டாள்.